முழங்கால் தண்ணீர்

எனக்கு ஒன்பது வயதில் என் தாய்மாமன் கடலில் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. காரியம் முடிந்த அன்று மாலை, அம்மா என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "முழங்கால் தண்ணிக்கு மேல கடல்ல இறங்க மாட்டேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன்.

புதுச்சேரியில் பிறந்த தண்ணீர்ப் பைத்தியத்துக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை! கிணறு, பம்புசெட்டுத் தொட்டி, பாகூர் ஏரி, மழைக்காலத்து ஊசுட்டேரி என்று ஒன்றையும் விட்டதில்லை. கடலில் மட்டும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நிற்பேன். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. பூகோள வகுப்பில் ஆசிரியர் தென் அமெரிக்காவின் நுனியைக் குச்சியால் தொட்டு, "காப் ஓர்ன்" என்பார். அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தபடியே வீட்டுக்கு நடப்பேன்.

பிறகு அரசு வேலை. கோப்பு, குறிப்பு, முத்திரை. அந்த நாட்களில்தான் பெர்னார் முவாத்தெசியே எழுதிய 'லா லோங் ரூத்' கையில் கிடைத்தது. 1968-இல் தொடங்கிய, தனி ஆளாக நிற்காமல் உலகைச் சுற்றும் பாய்ப்படகுப் போட்டியில் கலந்துகொண்ட பிரெஞ்சுக்காரர். காப் ஓர்னைத் தாண்டியபின், பரிசு வேண்டாம் என்று போட்டியை விட்டு, இன்னொரு முறை கிழக்கே திரும்பி தாகித்தித் தீவுவரை போய்விட்டார். நான் மதிய இடைவேளையில் மேசைக்கடியில் வைத்துப் படித்தேன். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன்.

2014-இல் அம்மா தவறிப்போனார். இரண்டு வருடம் கழித்து, என்னுடன் வேலை பார்த்த வம்பாகீரப்பாளையத்து நண்பரின் மகன், தான் வேலை செய்யும் பாய்ப்படகில் என்னை அழைத்துப்போனான். படித்துறையிலிருந்து ஏறியதால் முழங்கால்கூட நனையவில்லை. சத்தியத்துக்குப் பங்கமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முகத்துவாரம் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தினான். பாய் விம்மியது, படகு ஒரு பக்கம் சாய்ந்தது. பயத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அடியில கனம் இருக்கு பெரியப்பா, கவுறாது. சுக்கானை நீங்க பிடிங்க" என்றான்.

காற்று தள்ளும் பக்கம்தான் படகு போகும் என்று அறுபத்தாறு வயதுவரை நினைத்திருந்தேன். அன்று கொண்டல் காற்று எதிரே கிழக்கிலிருந்து வந்தது. நாங்களோ கிழக்கே போய்க்கொண்டிருந்தோம்! நேராக அல்ல. காற்றுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வாகக் கொஞ்ச தூரம் இடப்பக்கம், பிறகு திரும்பி வலப்பக்கம். எதிர்க்காற்றையும் பயன்படுத்த முடியும், ஆனால் கண் பாயிலேயே இருக்க வேண்டும். கவனம் கொஞ்சம் தப்பினாலும் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஆனாலும் சுக்கானை விடவில்லை. கரை ஒரு கோடாகத் தெரிந்தபோது மாமாவை நினைத்துக்கொண்டேன். கடல்மேல் எனக்குக் கோபம் இல்லை.

2024 அக்டோபர் 2 அன்று 'தாரிணி' என்ற பாய்ப்படகில் கோவாவிலிருந்து இரண்டு கடற்படைப் பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். ஒருவர் தில்னா, இன்னொருவர் ரூபா, எங்கள் புதுச்சேரிப் பெண்! அவர்கள் காப் ஓர்னைத் தாண்டிய செய்தி வந்த அன்று பழைய வரைபடத்தை எடுத்து விரித்தேன். எட்டு மாதம் கழித்து, 2025 மே 29 அன்று பத்திரமாகத் திரும்பினார்கள்.

அதைத் தொலைக்காட்சியில் பார்த்த என் பேத்தி, "தாத்தா, நானும் பாய்ப்படகு ஓட்டக் கத்துக்கணும்" என்றாள். என் மகள் முகம் மாறியது. எனக்கும் நெஞ்சு ஒரு கணம் அடைத்தது. அவள் கையைப் பிடித்து என் தலைமேல் வைத்துக்கொள்ளத்தான் தோன்றியது. அம்மாவின் பயம் அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

"முதல்ல நல்லா நீந்தக் கத்துக்கோ. மிதவைச் சட்டை இல்லாம ஏறக்கூடாது" என்றேன். வேறு சத்தியம் எதுவும் வாங்கவில்லை.