ஏர் போய் ஆடு வந்த ஊர்

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் 'வோல்ட்ஸ்' என்றொரு மேட்டு நிலம் இருக்கிறது. சீமைச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை மேலே நிற்காது; பாறைக்குள் இறங்கி, பள்ளத்தாக்கின் அடியில்தான் ஊற்றாகக் கசியும். அதனால் குடியிருக்க வந்தவர்கள் ஊற்றை ஒட்டியே ஊர் கட்டினார்கள். மால்டன் நகரத்துக்குத் தென்கிழக்கே இருக்கும் வார்ரம் பெர்சியும் அப்படித்தான்: கீழே ஓடையும் குளமும் தேவாலயமும், மேட்டின் மேல் வரிசையாக வீடுகள். பெர்சி என்பது அந்த ஊரை ஆண்ட பிரபுக் குடும்பத்தின் பெயர்.

இன்று அங்கே அந்தப் பழைய ஊரின் வீடு ஒன்றும் நிற்கவில்லை. கூரை போன தேவாலயம் மட்டும் நிற்கிறது. மேட்டில் ஏறினால் புல்தரையில் நீள்சதுர மேடுகள் தென்படும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அவை இன்னும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு மேடும் ஒரு குடியானவனின் வீடு, அதன் பின்னால் கொல்லை. நடுவே வாய்க்கால்போலத் தாழ்ந்து கிடப்பது தெரு; வண்டியும் மாடும் மனிதரும் நூற்றாண்டுக்கணக்கில் நடந்து தேய்த்த பள்ளம்.

ஊர் ஏன் அழிந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் சட்டென்று கொள்ளைநோயைச் சொல்வார்கள். 1349இல் 'கறுப்புச் சாவு' இந்தப் பக்கம் வந்தது உண்மை. ஆனால் அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பிறகும், 1368இல், இங்கே 30 வீடுகளில் ஆள் இருந்தார்கள். நோய் ஊரைத் தளர்த்தியது. காலி செய்தது ஆடு. கம்பளிக்கு நல்ல விலை, ஆள் கூலியோ ஏறிக்கொண்டிருந்தது. உழுவதற்குப் பல குடும்பங்கள் வேண்டும். மேய்க்க ஓரிரு ஆள் போதும். நிலவுடைமைக்காரர் போட்ட கணக்கு அவ்வளவுதான். 1500ஐ ஒட்டி எஞ்சியிருந்த குடும்பங்களையும் வெளியேற்றி நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டார்கள். 1517இல் அரசு நடத்திய விசாரணை இதைக் குறித்துவைத்திருக்கிறது: இடிபட்ட வீடுகள் நான்கு, நின்றுபோன ஏர்கள் நான்கு. நாடு முழுவதும் இதே கதை பல ஊர்களில் நடந்தது. இங்கிலாந்தில் இப்படிக் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் ஏறக்குறைய 3,000.

இந்தச் சரிவைக் காட்ட ஆவணம்கூட வேண்டாம். வார்ரம் பெர்சியில் நிற்கும் அந்தப் புனித மார்ட்டின் தேவாலயத்தின் பக்கச் சுவரைப் பார்த்தால் போதும். சுவருக்குள் வரிசையாகக் கல் வளைவுகள் தெரிகின்றன, எல்லாம் கல் வைத்து அடைக்கப்பட்டவை. ஜனம் பெருகிய 12, 13ஆம் நூற்றாண்டுகளில் சுவரைக் குடைந்து வளைவு எழுப்பி, இருபுறமும் கூடம் சேர்த்தார்கள். ஜனம் குறைந்ததும் கூடங்களை இடித்து, வளைவுகளை மூடிவிட்டார்கள். குடிமதிப்பு ஏட்டைவிட நம்பகமான பதிவு இது என்பேன்.

1948இல் பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு இந்த இடத்தின் அருமையைக் கண்டுகொண்டார். தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் அவருடன் சேர்ந்தார். கோட்டையையும் மடாலயத்தையும் தேடித் தோண்டிய காலத்தில், குடியானவன் வீட்டுக்காக மண்வெட்டி எடுத்தவர்கள் இவர்கள். 1950 முதல் 1990 வரை ஒவ்வொரு கோடையிலும் தன்னார்வலர்கள் வந்து தோண்டினார்கள்.

மயானத்தில் கிடைத்த எலும்புக்கூடுகள் ஏறத்தாழ 700. தாய்மார் குழந்தைக்கு ஒன்றரை வயதுவரை பால் கொடுத்தார்கள் என்பதைக்கூட எலும்பின் வேதியியலிலிருந்து சொல்லிவிட்டார்கள். மயானத்துக்கு வெளியே, வீடுகளின் நடுவே ஒரு குழியிலிருந்து எடுத்த 137 எலும்புகள் வேறு கதை சொல்லின. குறைந்தது பத்துப் பேருடையவை. கத்தி வெட்டுகள், தீயில் கருகிய தடங்கள். செத்தவர் எழுந்து வந்துவிடுவார் என்ற பயத்தில் பிணத்தின் தலையைத் துண்டித்து எரித்திருக்கலாம் என்று 2017இல் வெளியான ஆய்வு கருதுகிறது. பற்களைச் சோதித்ததில் அவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல, அக்கம்பக்கத்தில் வளர்ந்தவர்களே என்று தெரிந்தது.

ஊர் போன பிறகும் தேவாலயம் சாகவில்லை. பக்கத்துத் திக்சன்டேல் கிராமத்தார் மேடு ஏறி இறங்கி இங்கேதான் வந்தார்கள். 1870இல் தங்களுக்கென ஒரு தேவாலயம் கட்டிக்கொண்டதும் வரத்து குறைந்தது. 1949இல் வழிபாடு நின்றது, 1959இல் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. யாரும் வழிபடாத கட்டடமாகிவிட்டதால் தரையையும் தோண்ட முடிந்தது. அப்படித் தோண்டியதில், கற்கோயிலுக்கு முன்பே அங்கே மரத்தால் ஆன சிறு கோயில் ஒன்று இருந்ததற்கான தடயம் கிடைத்தது.