கியர்பொக்ஸ் செய்ததாம்

வன்னியில் பழைய வாகனம் வாங்குவோர் அதன் பூர்வீகத்தை அதிகம் விசாரிப்பதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிது பெற்றோல் விட்டு இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட ஏ40 கார்களையும் மொரிஸ் மைனர்களையும் வடக்கின் மெக்கானிக்குகள் கிடைத்த உதிரிப்பாகங்களைக் கொண்டே ஓட வைத்தனர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் வாகனங்களைக் கைவிட்டு வந்தவர்கள் அவற்றின் பத்திரங்களையும் இழந்தனர். ஆகவே, ஓடினால் போதும் என்ற மனநிலை எம்மிடம் ஊறிவிட்டது. இன்றைய கார்களுக்கு அது போதாது.

கிளிநொச்சியில் இருக்கும் என் மருமகன் அண்மையில் ஹொண்டா சி.ஆர்.இசட். ஒன்றின் மீது ஆசை கொண்டான். 2010 இல் ஜப்பானில் வெளிவந்த, இரு கதவுகள் கொண்ட ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார் அது. ஹைபிரிட் வாகனங்களுக்கு அன்றிருந்த வரிச்சலுகையால் இலங்கைக்கும் வந்தது. உற்பத்தி நின்று ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஆயினும், 2020 மார்ச்சில் தொடங்கி 2025 வரை நீடித்த இறக்குமதித் தடை பழைய கார்களின் விலைகளை எங்கோ ஏற்றிவிட்டிருந்தது. சுவிஸிலிருக்கும் தமையன் அனுப்பிய பணம் போதாமல், தாயார் தன் நகைகளை அடகு வைக்க ஆயத்தமாக இருந்தார்.

"மாமா, கியர்பொக்ஸ் போன வருசந்தான் செய்ததாம். இனிப் பிரச்சினை இல்லையாம்" என்றான் அவன்.

ஒரே மூச்சில் இரண்டு 'ஆம்'! பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்றிவிடும் ஈறு அது. பத்திரிகை அலுவலகத்தில் 'ஆம்' என்று முடியும் தகவலை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் அச்சுக்கு அனுப்புவதில்லை. நகையை அடகு வைப்பதற்கும் அந்த விதி பொருந்தும் என்றேன்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழில் இயந்திர இலக்கமும் செஸி இலக்கமும் இருக்கும். கியர்பொக்ஸ் திருத்தப்பட்ட கதை இராது. ஜப்பானிய ஏலத் தாளோ, வாகனம் அந்த நாட்டில் விற்கப்பட்டபோது இருந்த நிலையை மட்டுமே சொல்லும். எஞ்சியிருப்பது, திருத்தியவர் கொடுத்த பற்றுச்சீட்டு ஒன்றுதான். அதில் திகதி, வாகன இலக்கம், அன்றைய கிலோமீற்றர் ஆகியவற்றோடு, செய்த வேலை என்ன என்பதும் இருக்கவேண்டும்.

ஏனெனில் 'செய்தது' என்ற சொல்லுக்குள் பல வேலைகள் அடங்கும். பெட்டியைக் கழற்றிப் பாகங்களை மாற்றியிருக்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பெட்டியொன்றை வாங்கிப் பொருத்தியிருக்கலாம். அப்படியானால் அந்தப் பெட்டியின் வயதையும் யாரும் அறியார். வெறும் ஒயில் மட்டும் மாற்றியிருக்கலாம். அவன் பார்த்த கார் சி.வி.ரி. வகை. இரு கப்பிகளுக்கிடையே ஓர் உலோகப் பட்டி ஓடும். அதற்கென்றே உரிய திரவத்தை விடுத்து வேறொன்றை ஊற்றினால் பட்டியும் கப்பியும் தேயும்.

விற்பவரிடம் பற்றுச்சீட்டு இல்லை. வவுனியாவிலுள்ள கராஜ் ஒன்றின் பெயரைத்தான் சொன்னார். தொலைபேசியில் அழைத்தேன். "ஒயில்தான் மாத்தினது அண்ணை. பெட்டியைக் கழட்டேல்லை" என்றார் அங்கிருந்தவர். எந்த ஒயில் என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை, எழுதி வைக்கவுமில்லை.

பின்னர், எமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் காரை உயர்த்திப் பார்த்தார். பெட்டியை இயந்திரத்தோடு பிணைக்கும் ஆணிகளில் சாவி பட்ட அடையாளமே இல்லை. கராஜ்காரர் சொன்னது சரிதான். விற்றவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு முன்னர் வைத்திருந்தவர் அவரிடமும் 'செய்தது' என்றே சொல்லியிருக்கக்கூடும்.

மருமகன் காரை வாங்கவில்லை. சில நாட்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவுமில்லை. நகைகள் அடகுக்குப் போகவில்லை.

வன்னி மெக்கானிக்குகளின் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. இல்லாதவற்றைக் கொண்டு வாகனம் ஓட்டிய அனுபவம் அவர்களுடையது. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: செய்த வேலையை நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள். வாகனம் வைத்திருப்போரும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு வைத்திருங்கள். அடுத்து வாங்குபவர் யாருடைய பிள்ளையோ, யார் அறிவார்?