கெகலை நிறுத்து

அன்புள்ள மீனு,

லேப்ராஸ்கோபியில் சினைப்பையிலிருந்த சாக்லேட் சிஸ்ட் கட்டியை எடுத்தாயிற்று, மாத்திரையும் நடக்கிறது, அப்புறமும் ஏன் அடிவயிறு பிடித்து இழுக்கிறது என்று கேட்டிருந்தாய். சித்தி ‘எல்லாம் மனசுதான்’ என்கிறார்களாம். மனசு இல்லை, தசை.

அந்தக் கட்டிக்குக் காரணமான எண்டோமெட்ரியோசிஸ் உனக்கு மட்டும் வந்த வினை அல்ல. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதாமாதம் வலியை எதிர்பார்த்தே உடம்பு இறுகிப் பழகிவிடுகிறது. இடுப்புக்கூட்டின் அடியில் மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தூளி மாதிரி ஏந்தி நிற்கும் இடுப்புத்தளத் தசைகள்தான் அதிகம் இறுகும். கட்டியை எடுத்தாலும் அந்த இறுக்கம் பல சமயம் தங்கிவிடும்.

ரூம்மேட் சொன்னாள் என்று அந்தத் தசைகளை இறுக்கிப் பிடிக்கும் கெகல் பயிற்சி செய்கிறாயே, அதை இன்றே நிறுத்து. இருமினால் சிறுநீர் கசிகிறவர்களுக்கு அது நல்லது. இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்கினால் வலிதான் கூடும். நீ பழக வேண்டியது தளர்த்துவது.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்து படு. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூக்கால் மூச்சை மெதுவாக இழுத்தால் வயிற்றுக் கைதான் எழும்ப வேண்டும். மூச்சு உள்ளே போகையில் மலவாய்ப் பக்கம் லேசாக இறங்கி விரியும். முதலில் ஒன்றும் புரியாது; ‘வயிற்றை எக்கி நில்லுடி’ என்று கேட்டே வளர்ந்தவர்கள்தானே நாம்! அது பிடிபட்டதும் முட்டிகளை அகட்டிப் பாலாசனம், நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை. வலி வரும்வரை இழுக்காதே. டாய்லெட்டில் காலடியில் குட்டி ஸ்டூல் போட்டுக்கொள், முக்காதே.

கழுத்துவலி, முதுகுவலி பார்க்கும் எல்லா பிசியோவுக்கும் இது கைவந்திருக்காது. நானும் பிசியோதான், ஆனால் என் வேலை முழங்கால்களோடுதான். இடுப்புத்தளத் தசைக்கென்று பயிற்சி எடுத்தவரா என்று போனிலேயே கேள். உள்பரிசோதனைக்கு பயந்து போகாமல் இருக்காதே. உன் சம்மதமில்லாமல் அதைச் செய்யக்கூடாது. வேண்டாம் என்றால் மூச்சு, வயிறு, இடுப்பு, தொடை என்று வெளியிலிருந்தே நிறைய செய்யலாம்.

இந்தப் பயிற்சிகளால் நோய் கரைந்துவிடாது. வலி குறைந்ததும் மாத்திரையை நீயாக நிறுத்தாதே, ஸ்கேனைத் தள்ளிப்போடாதே. காய்ச்சலோ, சிறுநீரில் இரத்தமோ, தாங்கமுடியாத திடீர் வலியோ வந்தால் பாயைச் சுருட்டிவிட்டு நேரே டாக்டரிடம் போ.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? சித்தியையும் கூட உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறேன்.

அன்புடன்,
அக்கா