மூச்சை அடக்காதே

நீருக்கடியில் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. சுழியோடப் பழகுவோருக்குச் சொல்லித்தரும் முதற்பாடம் இதுதான். பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

நிலாவெளியில் வசிக்கும் எனக்கு இந்தப் பாடம் இலகுவாக வரவில்லை. யுத்த காலத்தில் கடற்றொழிலுக்குத் தடைகள் இருந்தன. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் என் அக்காவைக் கொண்டுபோனது. அதன்பின் முழங்காலளவு தண்ணீரில்கூட நான் நின்றதில்லை. பயம் வந்தால் மூச்சை அடக்குவது எனக்குப் பழகிப்போயிற்று. சகோதரிகளே, உங்களில் பலருக்கும் அது பழகியிருக்கும்.

விடுதியொன்றில் சமையல் வேலை செய்கிறேன். வெளிநாட்டுப் பெண்கள் கடலுக்குள் இறங்கிவிட்டு வந்து கண்டதையெல்லாம் சொல்வார்கள். எமது வாசலில் இருப்பதைப் பிறர் சொல்லித்தான் அறியவேண்டுமா என்று மனம் உறுத்தியது. கடல் அமைதியாயிருந்த ஒரு ஜூன் மாதத்தில், பயிற்றுநர் ஒருவருடன் புறாத்தீவுக்குப் போனேன். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது.

இறங்கும்போது காது வலித்தது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதச் சொன்னார், வலி விட்டது. மூச்சை எண்ணி எண்ணி விட்டேன்.

அங்கே மான்கொம்பு போன்ற கல்முருகைகள் நின்றன. சில இடங்களில் அவை செத்து உடைந்து கிடந்தன. அப்படிப்பட்ட இடங்களில் மென்முருகைகள் படர்ந்திருந்தன. சில விரல்விரலாக, சில காளான்போல. இவை செடிகள் அல்ல. சிறு உயிர்களின் கூட்டம். ஒவ்வோர் உயிருக்கும் எட்டுக் கைகள். கல்முருகைபோல் உள்ளே கற்கூடு இல்லாததால், நீரோட்டம் வரும்போது சாய்ந்து, அது போனதும் நிமிர்கின்றன.

அக்காவின் இழப்பு ஆறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடலுக்குள்ளே அரைமணி நேரம் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

போக விரும்புவோர் தகுதிபெற்ற பயிற்றுநருடனேயே போகவேண்டும். ஆஸ்துமா, காது நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்கவேண்டும். முருகையை மிதிக்கவோ தொடவோ கூடாது.

என் மகள் இப்போது நீந்தப் பழகுகிறாள். பொம்பிளைப் பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று மாமி கேட்கிறார். வழிகாட்டி வேலைக்கு எமது பிள்ளைகளும் வரட்டும் மாமி, எமது கடலின் கதையை நாமே சொல்லலாம் என்றேன்.