பழைய பெக்கோவும் பதுளை மலையும்

பத்துப் பேர் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு நாட்கணக்கில் செய்த வேலையை ஒரே நாளில் முடித்துவிடும் இயந்திரம் பெக்கோ. ஊவாவின் தோட்டப்புறங்களில் வீட்டுக்கு நிலம் சமப்படுத்துவோரும் காணிக்குப் பாதை வெட்டுவோரும் இப்போது முதலில் விசாரிப்பது அதைத்தான். ஒன்றரை முதல் மூன்று தொன் வரை எடையுள்ள சிறிய ரகம் குறுகலான பாதையிலும் நுழையும். ஆகவே, ஜப்பானில் ஓடிக் கழித்த கூபோட்டா, யன்மார், கொமாட்சு இயந்திரங்களைத் தேடுவோர் பலர்.

பசறைப் பக்கம் சரிவான காணி வைத்திருக்கும் தம்பி முறையான ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "அண்ணே, மீட்டர் ரெண்டாயிரம் மணித்தியாலம்தான் காட்டுது. வாங்கலாமா?"

செய்தி எழுதிப் பிழைத்தவனுக்கு இயந்திரம் தெரியாது. தெரிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்கத் தெரியும். கேட்டேன். மெக்கானிக்குகள் எவரும் மீட்டரை நம்பச் சொல்லவில்லை. அதை மாற்றிவிடலாம், தேய்ந்த இரும்பை மறைப்பது கடினம். வாளியைப் பிடித்து அசைத்தால் பின்னும் புஷ்ஷும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும். கையை உயர்த்தி வைத்து எஞ்சினை நிறுத்துங்கள். சில நிமிடங்களில் அது கீழே இறங்கினால் ஹைட்ரோலிக் எண்ணெய் எங்கோ கசிகிறது. இறப்பர் பட்டியில் வெடிப்பினூடே கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும் விற்பனையாளரிடம், மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பாதிச் சோதனைதான் முடிந்திருக்கிறது. மீதி, மலையைப் பற்றியது.

சரிவின் அடிவாரம்தான் மேலே உள்ள மண்ணைத் தாங்கி நிற்கிறது. வீட்டுக்கு இடம் வேண்டுமென்று அதைச் செங்குத்தாக வெட்டினால் தாங்குவதற்கு ஏதும் இல்லை. வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடுவதோ இன்னும் மோசம். இறுகாத அந்த மண் மழைநீரைக் குடித்துச் சேறாகி இறங்கும். கீழே இருப்பது பெரும்பாலும் லயன் அறைகள். மண்வெட்டிக் காலத்தில் மலைக்குத் தன் விரிசலைக் காட்ட நாளிருந்தது. பெக்கோ அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அபாயம் உண்டென்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. அந்த மலையைப் பெக்கோ வெட்டவில்லை, மழையே போதுமாயிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தின் பல மலைகள் சரிந்தன. தானாகவே சரியக்கூடிய மலையில் நாமும் கை வைக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

ஆகவே இயந்திரத்துக்கு முற்பணம் கொடுக்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். இம்மாவட்டத்தில் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி பெறவும் அது தேவைப்படும். மண்ணை லொறியில் வெளியே ஏற்றுவதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேறு வேண்டும்.

வேலை ஒரு காணியோடு முடிந்துவிடுமானால் சொந்தமாக வாங்குவதைவிட, மலைச்சரிவில் பழகிய ஓட்டுநருடன் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதே நல்லது. பாரம் நிறைந்த வாளியைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினால் சிறிய பெக்கோ கவிழ்ந்துவிடும். தேர்ந்த ஓட்டுநருக்கு அது தெரிந்திருக்கும். ஜூன் முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களில் வெட்டுங்கள். ஒரே சுவராக அல்லாமல் படிப்படியாக வெட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் தண்ணீருக்கு வழி செய்யுங்கள். தேயிலை மலைகளில் நம் முன்னோர் சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டியது அதற்காகத்தான். பெக்கோவின் முதல் வேலை அந்தக் கானாக இருக்கட்டும். வெட்டத் தொடங்குமுன் கீழே உள்ள வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மழை இரவில் அந்த மலைக்கடியில் உறங்கப்போவது அவர்கள்தான்.