தொட்டிக்கு ஒரு விலை, குழிக்கு ஒரு விலை

மெல்பர்னின் மேற்கே, வெரிபி பக்கம் வீடு வாங்கிய மச்சான் கொல்லையில் ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளம் போடப் போகிறான். வந்த கொட்டேஷன்களைப் படித்துப் பொருள் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. படிக்கப் படிக்கக் குறித்தவை இவை.

*

விளம்பரத்தில் 'முதல்' என்று சின்ன எழுத்தில் போட்டுப் பெரிய எழுத்தில் ஒரு தொகை. அது தொட்டியின் விலை. கூடவே பம்பு, ஃபில்டர், உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் பெட்டி. எட்டு மீட்டருக்கு நாலு மீட்டர் குளம் ஒன்று வேலி, நடைதளம் எல்லாம் முடிந்து இறங்கிக் குளிக்கிற நிலைக்கு வர இங்கே 60,000 முதல் 90,000 ஆஸ்திரேலிய டாலர் வரை பேசுகிறார்கள். அதில் தொட்டியும் மெஷினும் பெரும்பாலும் பாதிகூட வராது. மீதியெல்லாம் தொட்டியைச் சுற்றி நடக்கும் வேலைக்கு.

*

தொட்டி செய்கிற விதம் தலைகீழ். கவிழ்த்து வைத்த அச்சின் மேல் முதலில் ஜெல்கோட் அடிக்கிறார்கள். நாம் காலில் உணரப் போகும் வழவழப்பு அதுதான். அதன்மேல் நீர் புகாத வினைல் எஸ்டர் ரெசின், பிறகு கண்ணாடி இழையும் ரெசினும் அடுக்கடுக்காக. காய்ந்ததும் ஒரே துண்டாகக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள்.

ஒரே துண்டு என்பதால் அகலத்தை முடிவு செய்வது வீட்டுக்காரர் இல்லை, நெடுஞ்சாலை. நீளம் பத்து, பன்னிரண்டு மீட்டர் கிடைக்கும். அகலம் நாலரை மீட்டருக்கு மேல் அரிது. கேட்லாக்கில் எல்லாக் குளமும் ஒல்லியாக இருப்பது அழகுக்காக என்று நினைத்திருந்தான் மச்சான்.

*

கிரேன். தொட்டியின் எடை ஏறக்குறைய ஒரு டன்தான். ஆனால் கிரேன் வாடகை எடையைவிட எட்ட வேண்டிய தூரத்தைப் பார்த்து ஏறுகிறது. தெருவில் நின்று வீட்டுக் கூரையைத் தாண்டிக் கொல்லையில் இறக்க வேண்டுமென்றால் பெரிய கிரேன், சாலையை மறிக்கக் கவுன்சில் அனுமதி, மேலே மின்கம்பி போனால் அதற்குத் தனி ஏற்பாடு. பக்கச் சந்து ஒரு மீட்டர்தான் என்றால் பெரிய பொக்லைனும் உள்ளே வராது. குட்டி இயந்திரத்தை வைத்துச் சுரண்ட வேண்டும், மணிக்கணக்கு ஏறும்.

*

பாறை. மற்றதையெல்லாம் இரண்டு முறை படித்தால் போதும், இதை நாலு முறை படிக்க வேண்டும்.

மெல்பர்னின் மேற்குச் சமவெளி முழுக்க எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த பசால்ட். ஊரில் அதை நீலக்கல் என்கிறார்கள். பழைய சந்துகளில் பாவியிருப்பதும் கோபர்க்கில் பென்ட்ரிட்ஜ் சிறையை எழுப்பியதும் அந்தக் கல்தான். மேலே கொஞ்சம் களிமண். அதற்குக் கீழே கல் எத்தனை அடியில் என்பது பக்கத்துப் பக்கத்து மனைகளிலேயே மாறும். அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும்: 'பாறை நீங்கலாக'. கல் தட்டுப்பட்டால் உடைக்கும் இயந்திரத்துக்கு மணிக்கு இவ்வளவு, கல்லைக் கொட்ட லோடுக்கு இவ்வளவு. மொத்தத்துக்கு உச்சவரம்பு கிடையாது. நம் ஊரில் கிணறு வெட்டுகிறவர்களும் பாறை வந்தால் வேறு கூலி என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அவர்கள் வாயால் சொன்னதை இவர்கள் பதினோராம் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.

மூன்று கொட்டேஷன்களில் மிகக் குறைந்த தொகை சொன்னவர் பாறைக்கு ஒரு பைசாவும் ஒதுக்கவில்லை. அதிகம் சொன்னவர் ஒரு தொகை ஒதுக்கி, கல் வராவிட்டால் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். என் கணக்கில் இரண்டாமவர்தான் மலிவு. பக்கத்து வீட்டில் அஸ்திவாரம் தோண்டியபோது கல் வந்ததா என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டுவிடுவது இன்னும் மலிவு.

*

மண் கணக்கு. தொட்டியைச் சுற்றி அரை மீட்டர் இடம் விட்டால் குழி ஒன்பதுக்கு ஐந்து. ஆழம் சராசரி 1.6 மீட்டர். 72 கன மீட்டர். தோண்டிய மண் உதிர்ந்து கால் பங்கு பெருக்கும்: 90. பத்துக் கன மீட்டர் லாரியில் ஒன்பது லோடு. கொட்டும் இடத்தில் கட்டணம் தனி. 'மண் அகற்றல் உட்பட' என்று இருந்தால் எத்தனை லோடு வரை என்று கேட்க வேண்டும்.

*

வீட்டுப் பத்திரத்தோடு வந்த வரைபடத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கொல்லையின் கடைசியில் கழிவுநீர்க் குழாய் போகிறது. அந்தப் பட்டை நம் மனைக்குள் இருந்தாலும் நம் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது. குளம் ஒன்றரை மீட்டர் வீட்டுப் பக்கம் நகர்ந்தது. துணி காயப்போடும் கம்பிக்கு இடம் போயிற்று. அத்தைக்கு அதில் வருத்தம்.

*

இறக்கி வைத்தபின் உள்ளே தண்ணீரும் வெளியே ஜல்லியும் ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். ஒன்று முந்தினால் சுவர் பிதுங்கும். இதில் அவசரப்படுகிறவர்களால்தான் பின்னால் வம்பு.

களிமண்ணில் வெட்டிய குழி மழைநீரை இழுக்காமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் குளத்தைக் காலி செய்தால் ஒரு டன் தொட்டியைச் சுற்றி நிற்கும் நீர் மேலே தூக்கிவிடும். 45,000 லிட்டர் உள்ளே இருப்பதால்தான் அது மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் அழுத்தத்தை விடும் வால்வு உண்டா, வெளி நீரை இறைக்கக் குழாய் விட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். சில நூறு டாலர் சமாச்சாரம். கொட்டேஷனில் காணோம்.

*

வேலி. மச்சானுக்குக் கண்ணாடி வேலி ஆசை. அலுமினியக் கம்பி வேலியைவிடப் பல மடங்கு. சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே: 1.2 மீட்டர் உயரம், அடியில் 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து தானே மூடித் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். வேலியை ஒட்டிக் குழந்தை ஏற வாகாக எதுவும், பூந்தொட்டிகூட, இருக்கக் கூடாது. வீட்டுக்குள்ளிருந்து நேராகக் குளத்துக்குக் கதவு வைப்பதும் புதுக் குளங்களுக்கு இல்லை.

நீந்தவோ குளிக்கவோ வைத்தது எதுவானாலும், 300 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடியது என்றால் விக்டோரியாவில் அது குளம்தான். 2019 டிசம்பர் முதல் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வந்து வேலியைப் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். இந்தச் செலவில் மட்டும் முணுமுணுக்கக் கூடாது என்று மச்சானிடம் சொன்னேன். வீட்டில் மூன்று வயசுப் பிள்ளை.

*

தண்ணீர்தான் இருப்பதிலேயே மலிவு. 45,000 லிட்டரும் சேர்ந்து இருநூறு டாலரை ஒட்டி வரும்.

சூடேற்றுவது வேறு கதை. அத்தனை தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 52 யூனிட் வெப்பம் வேண்டும். ஹீட் பம்ப் நன்றாக வேலை செய்கிற நாளில் அதைப் பத்து, பதினோரு யூனிட் மின்சாரத்தில் முடிக்கும். மெல்பர்ன் இரவு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆவியாவதில்தான் பெரும்பங்கு வெப்பம் போகிறது. மேலே விரிக்கும் பிளாஸ்டிக் போர்வை இல்லாமல் ஹீட்டர் வாங்குவது காசைக் கரைப்பது.

பம்பு வேகத்தை மாற்றக்கூடியதாக இருக்கட்டும். வேகம் பாதியானால் இழுக்கும் மின்சாரம் கணக்குப்படி எட்டில் ஒரு பங்கு. நடைமுறையில் அவ்வளவு குறையாது, ஆனாலும் வித்தியாசம் பில்லில் தெரியும்.

*

காங்கிரீட் குளம் எந்த வடிவத்திலும் வரும். விலை கூட, மாதக்கணக்கில் வேலை, பத்து, பதினைந்து வருஷத்தில் உள்பூச்சு மாற்ற வேண்டும். மச்சானுக்குத் தேவையில்லை.

*

குளமே வேண்டாம், கவுன்சில் நீச்சல் குளத்துக்குப் போனால் போதாதா என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி; டிக்கெட் பத்து டாலருக்குள்தான். சொல்லப்போனால் கிளென் ஐரிஸ் பக்கத்தில் இருக்கும் பொதுக் குளத்துக்கு ஹரால்ட் ஹோல்ட் பெயர். 1967 டிசம்பரில் கடலில் நீந்தப் போய்த் திரும்பாத பிரதமர். அவர் நினைவாக நீச்சல் குளம்! இந்த ஊர்க்காரர்களின் நகைச்சுவை எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது.

*

பணம் கட்டும் வரிசை. 20,000 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு முன்பணம் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது விக்டோரியாவின் 1995 சட்டம். ஒருவர் பத்துக் கேட்டிருந்தார், அடித்துவிட்டேன். கடைசித் தவணையை வேலிச் சான்றிதழ் கைக்கு வந்தபின் தருவதாக எழுதச் சொல்ல வேண்டும்.

ஹீட்டர் இந்த வருஷம் வேண்டாம் என்று முடிவு. ஆனால் நடைதளத்துக்குக் காங்கிரீட் போடுவதற்கு முன் பம்பு அறையிலிருந்து ஹீட்டர் வரப்போகும் சுவர் வரை வெறும் பைப் இரண்டு, வயருக்கு ஒன்று புதைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பிறகு உடைத்துப் போடுவதென்றால் அதுவே தனிக் கொட்டேஷன்.