ஜப்பான் மீன்



எங்கள் பள்ளியின் பின்புறம் ஒரு மீன்தொட்டியும், அதனருகே சிறு பசுமைக்குடிலும் உள்ளன. குளிர்நாடுகளில் குடில் வெப்பத்தைக் காக்கும். நம் ஜொகூரிலோ ஆண்டிறுதி அடைமழையினின்று கீரையைக் காக்கிறது. திலாப்பியாவின் கழிவிலுள்ள அமோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன; அந்நீரில் கங்கோங் தழைக்கிறது.

சென்ற விடுமுறையில் ஓரிரவு மின்சாரம் நின்றது. காற்றுக்குழாயும் நின்றது. காலையில் மீன்கள் யாவும் மிதந்தன. காவலுக்கு ஆள் ஏற்பாடு செய்யாதது என் பிழையே. "பரவாயில்லை சார், கடையில் மீன் கிடைக்கும்" என்று மாணவன் ஒருவன் ஆறுதல் கூறினான். அச்சொல்தான் என்னை உறுத்தியது.

போருக்குமுன் மலாயா உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. ஜப்பானியர் காலத்தில் அவ்வரத்து அற்றுப்போகத் தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர்தரித்தனர். ஜாவாவிலிருந்து திலாப்பியா இங்கு வந்ததும் அப்பஞ்சத்தில்தான். 'ஜப்பான் மீன்' என்ற பழம்பெயர் அதனால் வந்தது.

பழங்கதை என்பீர்கள். 2022 ஜூன் முதல் நாள் நம் அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் சில மாதங்கள் புதுக்கோழிக்குத் தட்டுப்பாடு. இத்தனைக்கும் நம் கோழி தின்னும் சோளமும் சோயாவும் இறக்குமதியே! எங்கள் மீன்தீவனத்திலும் சோயா உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

புதுக்குஞ்சுகள் விட்டாயிற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பேட்டரியில் இயங்கும் காற்றுக்குழாய் வாங்கித் தந்துள்ளது. அடுத்த விடுமுறைக்கான காவல் பட்டியலில் இன்னும் மூன்று நாள்கள் காலியாக உள்ளன.